சின்னம்மா கேட்காத கேள்வி

எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் வணக்கம் சொல்கிற பழக்கம் அந்த நாளில் கிடையாது. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ அதையே திருப்பிக் கேட்பதுதான் வணக்கம். கிணற்றடியில் நிற்பவரைப் பார்த்து, "என்னுங்க, தண்ணி சேந்தறீங்களா?" என்போம். கையில் கயிறும் காலடியில் குடமுமாக நிற்கிற மனிதர், பார்த்தால் தெரியவில்லையா என்று கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆமாங்க, சேந்தறனுங்க" என்பார். மாட்டுக்குச் சோளத்தட்டு போடுகிறவரிடம் தட்டு போடறீங்களா, வெயிலில் கிழங்கு பிடுங்குகிறவரிடம் கெழங்கு புடுங்கறீங்களா. கண்ணுக்குத் தெரிந்ததையே கேட்டு, கேட்டதையே பதிலாக வாங்கிக்கொண்டு ஊர் முழுக்க மனநிறைவோடு நடமாடிக்கொண்டிருந்தது. ஆகவே ஆங்கிலத்தில் நிகழ்காலத் தொடர்வினை என்று ஒன்று இருப்பதாக ஆறாம் வகுப்பில் சொன்னபோது, இதைப் படிப்பதற்கா பள்ளிக்கூடம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சொல்லிக் கொடுத்தவள் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. ஓமலூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் வீட்டில் தங்கி நாமக்கல்லில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். எழுபதுகளில், காடு தோட்டம் உள்ள எங்கள் குடும்பங்களில் பெண்பிள்ளை வெளியூரில் தங்கிப் படிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். என் அப்பாதான் போய் உட்கார்ந்து பேசினார். அப்பா லாரி டிரைவர். பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டவர். அப்படிப்பட்டவருக்குக் கொழுந்தியாள் வாத்தியாரம்மா ஆகவேண்டும் என்று ஏன் அவ்வளவு ஆசை என்பது யாருக்கும் பிடிபடவில்லை. அப்பிச்சி கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "உங்க பேச்சுக்காவ உடறனுங்க மாப்பள. ஒரு தடவதான். பாசாச்சுன்னா வாத்தியார். இல்லீன்னா தையில கல்யாணம்."

அந்த ஒரு தடவை என்பதன் கடைசிப்படி, மாதிரி வகுப்பு. பயிற்சி முடிகிற சமயத்தில் தேர்வாளர்கள் வந்து பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மற்றப் பரீட்சைகள் எல்லாம் சின்னம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த ஒன்றுதான் பாக்கி. எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியையே அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள், என் வகுப்பையே கொடுத்திருந்தார்கள். கொடுத்த பாடம் நிகழ்காலத் தொடர்வினை.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். மாணவன் ஏதாவது ஒரு காரியம் செய்ய வேண்டும். செய்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர், "வாட் ஆர் யூ டூயிங்?" என்று கேட்க வேண்டும். கை ஓயுமுன் அவன் பதில் சொல்ல வேண்டும். 'ஐ' என்று ஆரம்பித்தால் 'ஆம்', அவன் அவள் என்றால் 'இஸ்', பல பேர் என்றால் 'ஆர்'. அப்புறம் வினைச்சொல்லின் வாலில் ஓர் 'இங்'. இலக்கணம் அவ்வளவுதான். சிரமமெல்லாம் நேரத்தில் இருந்தது.

"வேல நடக்கறப்பவே சொல்லிப்போடோணும் சாமி. முடிஞ்சப்பறம் சொன்னா அது பொய்யாப் போயிரும்" என்பாள் சின்னம்மா.

வீடே வகுப்பறையானது. அம்மா ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருப்பாள். சின்னம்மா எதிரே போய் நின்று ஆங்கிலத்தில் கேட்பாள். அதன் பொருளை நான் பெருமையோடு அம்மாவுக்கு எடுத்துச் சொல்வேன்.

"மாவாட்டறவகிட்ட மாவாட்டறயான்னு கேக்கறதுக்கு இங்கிலீசு எதுக்கு புள்ள? அதைத்தான் நம்மூர்ல எல்லாரும் கேக்கறாங்களே" என்பாள் அம்மா. ஆனாலும் கேட்ட மரியாதைக்கு, "ஆமா, ஆட்டறன்" என்று முடிப்பாள்.

அப்பா வீட்டில் இருக்கிற நாட்களில் கூத்து இன்னும் அதிகம். கல்கத்தா போய்வந்த அசதியில் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். நான் போய்க் காதருகே கேட்பேன். கண்ணைத் திறக்காமலே, "ஐ ஆம் ஸ்லீப்பிங்" என்பார்.

"தூங்கறவங்க பேச மாட்டாங்க மாமா. அந்தப் பதில் செல்லாதுங்க" என்பாள் சின்னம்மா.

"லாரிக்காரன் பேசிக்கிட்டேதான் அம்மிணி தூங்குவான். உன்ற புஸ்தகத்துல அது இல்லியாட்ட இருக்குது" என்பார் அப்பா. நானும் சின்னம்மாவும் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டாள். அந்த மாதிரிப் பேச்சு அவளுக்கு ஆகாது.

அம்மாவுக்கு ஆகாதவை இன்னும் நிறைய இருந்தன. அப்பா வண்டியேறிய அன்று வீடு கூட்டக்கூடாது. அவர் வாசலில் இறங்கிய பிறகு பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. எங்கே போகிறீர்கள் என்று எவரும் கேட்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் வெளியூரில் இருக்கிறவரை அந்த வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லக்கூடாது. கடைக்குப் போனாலும் 'வாரேன்', குளத்துக்குப் போனாலும் 'வாரேன்'. பால்காரர் ஒருநாள் தெரியாத்தனமாக "நான் போறனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அம்மா அவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, "போயிட்டு வாரனுங்க" என்று ஒழுங்காகச் சொல்லவைத்து அனுப்பினாள். அவருக்கு அது ஏன் என்றே புரியவில்லை, மோர் கிடைத்த சந்தோஷத்தில் போய்விட்டார்.

இந்த வீட்டில்தான் சின்னம்மா, "ஐ ஆம் கோயிங் டு தி டோர்" என்று சொல்லிப் பழகவேண்டியிருந்தது. ஏனென்றால் அவள் பாடத்துக்கு நடுத்தூணே அதுதான். ஒரு பிள்ளை கதவை நோக்கி நடக்கும். நடுவழியில் கேள்வி. பதில். பிறகு வகுப்பைப் பார்த்து, அவள் என்ன செய்கிறாள் என்று இன்னொரு கேள்வி. இப்படி ஒரே நடையில் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' மூன்றையும் கொண்டுவந்துவிடலாம் என்று பயிற்சிப் பள்ளியில் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

அம்மாவுக்கு அர்த்தம் தெரிந்த அன்று உரல் குழவி நின்றது.

"அந்த வார்த்தைய இந்த ஊட்டுல சொல்லாதே" என்றாள்.

"அக்கா, இங்கிலீசுக்கெல்லாம் சகுனம் கெடையாதுங்க."

"ரோட்டு மேல இருக்கற மனுசனுக்கு எந்தப் பாசையில சொன்னா என்ன புள்ள? வாசப்படிகிட்ட நிக்க வெச்சுப் பெத்த புள்ள வாயால சொல்ல வெக்கறயே."

சின்னம்மா வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். படித்தவள் அல்லவா. அக்காவைப் பகைத்துக்கொள்ளாமல், கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கிழங்குக் காட்டுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனாள். அங்கே மோட்டார் ரூமின் தகரக் கதவுதான் எங்கள் கதவு. மரவள்ளிச் செடிகள்தான் மாணவர்கள். தலைக்கு மேல் வளர்ந்து நின்ற அந்த மாணவர்களுக்கு நடுவே நான் கதவை நோக்கி நடப்பேன், அவள் கேட்பாள், நான் அடித்தொண்டையிலிருந்து, "ஐ ஆம் கோயிங் டு தி டோர்" என்பேன். அம்மாவுக்குக் கேட்காத தூரம். திருட்டு மாங்காயின் ருசி அந்த வாக்கியத்துக்கு வந்துவிட்டது.

வகுப்பில் எத்தனையோ பேர் இருக்க, நடப்பதற்கு என்னைத்தான் தேர்ந்தெடுத்தாள். காரணம் சொந்தம் என்பதல்ல. மற்றப் பிள்ளைகள் கதவு என்றால் ஓடின. கேள்வி முடிவதற்குள் கதவைத் தாண்டி வெளியிலேயே போய்விட்டன. நான் ஒருத்திதான் கல்யாணப்பெண் மாதிரி அன்னநடை நடந்தேன். கேள்விக்கும் பதிலுக்கும் வழியில் தாராளமாக இடமிருந்தது. அந்தப் பாடம் முழுக்க என் காலில்தான் நடக்கிறது என்று நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியும் வைத்தேன்.

மாதிரி வகுப்புக்கு முன்னால் அப்பா வண்டியேறினார். ஜவ்வரிசி மூட்டை லோடு, கல்கத்தா. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, "அம்மிணி, நான் திரும்பி வாரப்ப நீ வாத்தியாரம்மாவா இருக்கோணும். எனக்கு இங்கிலீசுல கையெழுத்துப் போடறதுக்குச் சொல்லிக் குடுக்கோணும்" என்றார். அதற்கு முன்போ பின்போ அவர் கையெழுத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வழக்கமாக நாமக்கல் லாரி ஆபீசுக்கு வழியிலிருந்து போன் செய்வார். அங்கிருந்து யாராவது வந்து அம்மாவிடம் சொல்வார்கள். அந்த முறை சொல்ல யாரும் வரவில்லை. அம்மா சாமி மாடத்தின் முன்னால் அதிக நேரம் நின்றாள்.

மாதிரி வகுப்பு அன்று காலையில் ஆபீசிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தார். என்னைக் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்பது நான் கல்லூரியெல்லாம் முடித்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் படிக்கிறவர்களைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"நெல்லூருக்கு அக்கட்டால நம்ம ஆபீசு வண்டி ஒண்ணு பாலத்துல கவுந்திருச்சாமாங்க. எந்த வண்டீன்னு தெரீலீங்க. ஓனரு கெளம்பிப் போயிருக்காருங்க. தெரிஞ்சதீம் வந்து சொல்றனுங்க" என்றாராம்.

அம்மா தங்கையைப் பார்த்து, "நீ கெளம்பு" என்றாளாம். "ஒண்ணும் இருக்காது. உன்ற மாமன் உனக்காவப் போயி அத்தன பேசியிருக்குது. இன்னைக்கு நீ போகாம இருந்தா அது மூஞ்சில நாம முழிக்க முடியாது. புள்ளைக்குத் தெரிய வேண்டாம்."

எனக்குத் தெரியவில்லை. கன்றுக்குட்டியிடமிருந்து திரும்பி வந்தபோது சின்னம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் என் கையை விடவே இல்லை. அவள் உள்ளங்கை நனைந்து நனைந்து வழுக்கியது. பரீட்சை பயம் என்று நினைத்து, "பயப்படாதீங்க சின்னம்மா, நான் நல்லா நடப்பேன்" என்று தைரியம் சொன்னேன்.

எங்கள் வகுப்பறைக் கதவு சேலம் ரோட்டைப் பார்த்தது. லாரி போனால் பலகை நடுங்கும். தேர்வாளர்கள் இரண்டு பேர், நரைத்த தலையுடன் ஓர் ஐயா, கண்ணாடி போட்ட ஓர் அம்மா. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கே வழக்கமாக இருப்பவர்கள் முன்னால் தரையில் உட்காரவைக்கப்பட்டதால் ஏதோ பதவி உயர்வு கிடைத்தமாதிரி மலர்ந்திருந்தார்கள்.

பாடம் முதலில் அமர்க்களமாகப் போனது. ஒருத்தி கரும்பலகையில் எழுதிக்கொண்டே, எழுதுகிறேன் என்றாள். பத்துப் பேர் ஒன்றாக எழுந்து நின்று, நிற்கிறோம் என்றார்கள். ஒரு பையனிடம் டம்ளரைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். குடிக்கும்போதே சொல்ல வேண்டும் என்ற விதியை அவன் உயிராக மதித்தவன். டம்ளருக்குள்ளேயே, "ஐ ஆம் ட்ரிங்கிங்" என்றான். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. நரைத்த ஐயாகூடச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். நல்லபடியாகத்தான் குறித்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பிறகு என் முறை.

"கோ டு தி டோர்" என்றாள் சின்னம்மா.

நான் எழுந்தேன். பாவாடையைச் சரிசெய்துகொண்டேன். நடக்கத் தொடங்கினேன். எங்கள் கணக்குப்படி முதல் பெஞ்சைத் தாண்டும்போது கேள்வி வர வேண்டும். வரவில்லை. இன்னும் மெதுவாக நடந்தேன். அடுத்த பெஞ்சும் போயிற்று. அதற்கு மேல் மெதுவாக நடந்தால் அது நடையாக இருக்காது. கேள்வி வராமலேயே கதவுக்கு வந்துவிட்டேன். நிலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். தார்ப்பாய் போர்த்திய லாரி ஒன்று வந்து, எங்களைக் கடந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. வாய்க்குள் என் வாக்கியம் தயாராக இருந்தது. சொல்வதற்குத்தான் யாரும் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா சாக்பீசைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. என்ன கேட்க வேண்டும் என்று எடுத்துக்கொடுக்கிற மாதிரி நான் கண்ணைக் காட்டினேன்.

"வா சாமி" என்றாள். தமிழில் சொன்னாள். ஆங்கிலப் பாடத்தில் ஒரு சொல்கூடத் தமிழ் வரக்கூடாது என்று எங்களுக்கு அவ்வளவு பாடம் எடுத்தவள். "இங்க வந்துரு சாமி."

கண்ணாடி போட்ட அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் வந்தேன். சின்னம்மா என் தோளில் கை வைத்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். வகுப்பு காத்திருந்தது. அவள் புத்தகத்தைத் திறக்கச் சொன்னாள், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

மணியடித்ததும் எங்களை வெளியே விட்டார்கள். நான் மட்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நரைத்த ஐயா நல்ல மனிதர். அதை இன்றைக்கும் சொல்வேன். எழுந்து வந்து தணிந்த குரலில் பேசினார்.

"நல்லா நடத்திக்கிட்டு வந்தே. நடுவுல என்னம்மா ஆச்சு?"

"மறந்துட்டனுங்க சார்."

"முக்கியமான எடமே அதுதானே. போகட்டும். அந்தப் பொண்ண இன்னொருக்கா நடக்கச் சொல்லு. ஒரே ஒரு கேள்வி கேளு. அது போதும் எனக்கு."

இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? நான் சேலையை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஒரு காலை எடுத்தும் வைத்தேன். சின்னம்மாவின் கை என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தது.

"வேண்டாங்க சார்" என்றாள்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவளோடு பேசவில்லை. எத்தனை நாள் கிழங்குக் காட்டில் நடந்த நடை. ஊரெல்லாம் சொல்லி வைத்த பெருமை. என் வாக்கியத்தை நான் மறக்கவில்லை, அவள் தன் கேள்வியை மறந்துவிட்டாள், கெட்டது என் பெயர். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் புகார் சொன்னேன். "சின்னம்மா மறந்துட்டாங்கம்மா. நான் கதவுகிட்டப் போயி எத்தன நேரம் நின்னேன். கேக்கவே இல்ல. அந்த சார் இன்னொருக்காக் கேளுன்னாரு. அதுக்கும் கேக்கல."

அம்மா எழுந்து நின்றாள். தங்கையைப் பார்த்தாள். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முடிவு வந்தபோது சின்னம்மா அந்த ஒன்றில் மட்டும் தேறவில்லை. அடுத்த வருடம் மறுபடியும் நடத்திக் காட்டலாம் என்றார்கள். அப்பிச்சி அடுத்த வருடத்துக்கு ஒத்துக்கொண்டவர் இல்லை. நல்லபடியாகத் திரும்பி வந்திருந்த அப்பா எவ்வளவோ பேசிப் பார்த்தார். இந்த முறை அப்பிச்சி அசையவில்லை. தையில் கல்யாணம் ஆயிற்று. சின்னம்மா ஓமலூருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பண்ணையம் உள்ள வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஆளும் பேருமாக நன்றாகத்தான் இருந்தாள். வாத்தியாரம்மா மட்டும் ஆகவில்லை. அவளுக்கு அந்த வேலை எப்படிப் பொருந்தியிருக்கும் என்பதை, அவளிடம் ஒரு பாடம் படித்தவர்களால் என்றைக்கும் மறக்க முடியாது.

அம்மா எல்லாவற்றையும் சொன்ன பிறகு ஒரு முறை நான் சின்னம்மாவிடமே கேட்டேன். சகுனத்துக்குச் சிரித்தவள் ஆயிற்றே, பிறகு எப்படி என்று. கட்டுத்தரையில் எருமைக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"சகுனமுமில்ல ஒண்ணுமில்ல சாமி. நீ அந்தக் கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு ரோட்டப் பாத்து நின்னே. எனக்கு வாய் வரல. அவ்வளவுதான்."

அப்பாவுக்கு இது கடைசிவரை தெரியாது. சொல்லக்கூடாது என்பது அக்கா தங்கை இருவருக்கும் உள்ள ஏற்பாடு.

மாதிரி வகுப்பு முடிந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில் அப்பா வந்து இறங்கினார். கவிழ்ந்தது வேறு வண்டி, அதை வந்து சொல்கிறேன் என்ற ஆள் வரவே இல்லை. அந்த வண்டி டிரைவரின் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிற வயது எனக்கு அப்போது இல்லை. அப்பா திரும்பி வர லோடு கிடைக்காமல் ஒரிசாவில் எங்கோ மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். போன் பேச வழியில்லை. தாடியும் அழுக்குமாக, வாய் நிறையச் சிரிப்புமாக வந்தார். அம்மா சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குளித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அப்பாவின் முதல் கேள்வி அதுதான். "அம்மிணி, உன்ற வகுப்பு என்னாச்சு?"

சின்னம்மா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். கூடத்தையே வகுப்பாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். நான் நடந்த நடை, சின்னம்மா சாக்பீசோடு விழித்த விழி, நரைத்த ஐயா பேனாவை மூடியது எல்லாம். எனக்கு நடிப்பு நன்றாக வரும். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"ஏனம்மிணி, எங்க மாமனார்கிட்ட நான் அத்தன வாயடிச்சதுக்கு நீ இப்படிப் பண்ணிப்போட்டயே. ஒரு புள்ள கதவு வரைக்கும் நடந்து போயிருக்குது, என்ன பண்றேன்னு ஒரு வார்த்த கேக்க மறந்துட்டயா? அதைத்தான் நம்மூர்ல ஆடு மேய்க்கறவன்கூடக் கேப்பானே."

"ஆமாங்க மாமா. மறந்துட்டனுங்க" என்றாள் சின்னம்மா. அவளும் சிரித்தாள். நிறுத்தவே முடியாமல் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். திட்டு வாங்கிக்கொண்டு அத்தனை சந்தோஷமாக இருந்தவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். பெண்களிலும் பரிமாறியவள் கடைசி. அன்று அம்மா, அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தங்கையின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, நெய்க் கிண்ணத்தை எடுத்துச் சாய்த்தாள். நிறுத்தவில்லை. சின்னம்மா போதும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினாள். அந்தக் கைமேலும் கொஞ்சம் விழுந்தது.

"மறந்துட்டு வந்தவளுக்கு இத்தன நெய்யா?" என்றார் அப்பா.

அம்மா தங்கையின் தலையில் ஒரு முறை கையை வைத்து எடுத்தாள்.

நான் எதிரே என் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். மறந்தவளுக்கு நெய். ஒரு சொல்கூட மறக்காமல் கதவருகே போய் நின்ற எனக்கு வெறும் பருப்பு. இந்த வீட்டில் நியாயம் என்று ஒன்று கிடையாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனேன்.